எங்கள் பழைய பெட்போர்டுக்கு ரிம் பார்த்துக் கொடுத்த பட்டறை

ஹட்டனிலிருந்து கொட்டகலைக்குப் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு ஒரு சரிவில் இறங்கினால் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை வரும். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஒரு லொறி டயரைப் பாதி மண்ணில் புதைத்து வெள்ளை அடித்து வைத்திருக்கிறார்கள், அதுதான் அடையாளம். லொறி, பஸ், டிராக்டர் இவற்றின் வீல் வேலை மட்டும்தான் அங்கே நடக்கும். என்ஜின் பார்க்கச் சொன்னால் பார்க்கமாட்டார்கள். எங்கள் லொறியின் ரிம் ஏழையும் அங்கேதான் கொடுத்தோம். வேறு யாரிடமாவது கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பழைய லொறி வைத்திருக்கிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

லொறி பெட்போர்ட் ஜே டைப். இங்கிலாந்தில் வொக்ஸ்ஹோல் கம்பனிக்காரர்கள் 1958-இல் இறக்கிய மாடல், மூக்கு முன்னுக்கு நீண்டிருக்கும், இரண்டு பக்கமும் மட்கார்ட் தோள் மாதிரி புடைத்து நிற்கும். எங்களுடையதில் ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின், 300 கன அங்குலம், இப்போதைய கணக்கில் 4.9 லீற்றர். 1960-களில் வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்திலேயே எங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டது. மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், தேயிலைக் கொழுந்தை நிறுத்து ஏற்றி பெக்டரிக்குக் கொண்டுபோவதுதான் அதன் வேலை என்றாலும், அரிசி மூட்டை, உர மூட்டை, திருவிழாவுக்கு சாமி, ராத்திரி வேளையில் பிரசவ வலி வந்த பொம்பளையைக் கம்பளி போட்டுப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு, எல்லாம் அதே லொறிதான். 1975-இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, 1992-இல் நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளிடம் போனது, லொறி மட்டும் அதே மடுவத்துக்கும் அதே பெக்டரிக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்தது. என் மாமா அதில் கிளீனராக ஏறி, பிறகு டிரைவராக 19 வருஷம் ஓட்டினார். பழசு என்று டெண்டரில் விட்டபோது சேமலாபக் காசைப் போட்டு அவரே எடுத்துவிட்டார். மாமி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அதற்குப் பிறகு ஓடாத லொறிக்குக்கூட விலை வந்தது. எங்களிடமும் இரண்டு மூன்று பேர் வந்து கேட்டார்கள். மாமா கொடுக்கவில்லை. திருப்பி ஓட்டுவோம் என்று அப்போதுதான் தீர்மானித்தோம். என்ஜின் வேலை, கெபின் டிங்கரிங், சாமான் ஏற்றுகிற பின்பக்கப் பொடிக்குப் பலகை இதெல்லாம் ஒரு வழியாக முடிந்தது. சாமான்களுக்குக் கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பாகிஸ்தானில் இந்த லொறிக்கு ராக்கெட் என்று பேர், அங்கே அதைப் பூவும் மயிலும் வரைந்து ஓட்டுகிறார்கள், அதனால் அங்கேயிருந்து வருகிற சில சாமான் நமக்கும் பொருந்தும். அந்தக் கதை தனியாக எழுதவேண்டியது.

வீலுக்கு வந்தபோதுதான் எனக்கும் மாமாவுக்கும் இழுபறி. தோட்டம் வாங்கினபோது இருந்த 20 அங்குல ரிம்தான் அப்போதும் இருந்தது, டயர் 8.25–20. டியூப் போடுகிற ரிம், ஒரு பக்கம் கழற்றுகிற வளையம், அதைப் பிடித்துக்கொள்ள, ரிம்மில் உள்ள கால்வாய் மாதிரிப் பள்ளத்தில் உட்காரும் லொக் ரிங். எனக்கு அதை மாற்றிவிட ஆசை. சின்ன ஜப்பான் லொறிகளுக்குப் போடுகிற 16 அங்குல ரிம்மில் 7.50–16 ரேடியல் போட்டால் எந்தச் சந்தியிலும் டயர் கிடைக்கும், பஞ்சர் ஆனாலும் ஒரே ஆள் கழற்றிப் போடலாம், லொறியும் கொஞ்சம் தாழ்ந்து அழகாக நிற்கும் என்று நினைத்தேன். மாமா ஒரே பேச்சுதான். "அதுக்கு இருந்த காலயே போடு" என்றார்.

அந்தப் பேச்சுக்காக முதலில் கண்டிப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். பேர் வேண்டாம். எங்கள் லொக் ரிங் இரண்டு துருப்பிடித்து வளைந்திருந்தது. அதற்குப் பதிலாக அவர்கள் குவியலிலிருந்து இரண்டு எடுத்துத் தந்தார்கள். பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது. ரிம்மில் வைத்தால் கால்வாயில் முழுசாக உட்காரவில்லை, ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. சுத்தியலால் இரண்டு அடி அடித்தால் உட்காரும், காத்து ஏறினால் தானாக இறுகிவிடும் என்றார்கள். அதோடு இடப் பக்கத்து வீலைக் கழற்றுகிறேன் என்று நட்டில் நீளக் குழாய் போட்டு இரண்டு பையன்கள் ஏறித் தொங்கி, நட்டு ஏறுகிற ஸ்டட் ஒன்றை முறித்துவிட்டார்கள். ஏன் முறிந்தது என்று அன்றைக்கு எங்களுக்குப் புரியவில்லை. காசைக் கொடுத்துவிட்டு, அந்த இரண்டு லொக் ரிங்கையும் வாங்கிக்கொண்டு வந்தோம். தெரிந்த ஒரு பஸ் டிரைவர்தான் இந்தக் கொட்டகலை ரோட்டுப் பட்டறையைச் சொன்னார்.

பட்டறையை நடத்துகிற பாஸுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவரும் இரண்டு பையன்களும் மட்டும்தான். நாங்கள் போன அன்று நல்ல மழை, மூடுபனி வாசல் வரைக்கும் வந்துவிட்டது. ரிம்களை இறக்கி வைத்தவுடன் விலை பேசவில்லை, என்ன கலர் என்று கேட்கவில்லை. "அண்ணே, இந்த லொறி எந்த ரோட்ல ஓடுது, என்ன ஏத்துவீங்க?" என்று மாமாவிடம் கேட்டார். மாமா தோட்டத்து ரோடு, பெக்டரி ஏற்றம், இடையிடையே கினிகத்தேனைப் பக்கம் இறங்குவது எல்லாம் சொன்னார். அதைக் கேட்டுவிட்டுத்தான் ரிம்மைத் தொட்டார்.

அவர் பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் பார்த்த வேறு எந்த டயர் கடையிலும் இதைச் செய்ததில்லை. முதலில் கம்பி பிரஷ்ஷால் ஸ்டட் ஓட்டைகளைச் சுற்றியும் லொக் ரிங் உட்காரும் கால்வாயையும் வெறும் இரும்பு தெரிகிறவரை தேய்த்தார். அப்புறம் மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து அந்த இடங்களில் ஒற்றி ஒற்றி ஊறவிட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நாங்களும் குடித்தோம். அரை மணி கழித்து வந்து, ரிம்மை நன்றாகக் காயத் துடைத்து, சோக்குத் தூளை விரலால் பூசினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு ஸ்டட் ஓட்டையின் ஓரத்திலிருந்து மயிர் கனத்தில் ஒரு ஈரக் கோடு மெதுவாகக் கறுத்துக்கொண்டு வந்தது, பக்கத்து ஓட்டையை நோக்கி. வெடிப்புக்குள் புகுந்த மண்ணெண்ணெய் திரும்பி வெளியே வந்து சோக்கை நனைக்கிறது, அவ்வளவுதான் விஷயம். அந்த ரிம்மை நான் எத்தனை தடவை கையால் தடவிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? ஒரு கீறல்கூடத் தெரிந்ததில்லை.

ஏழில் இரண்டு போய்விட்டது. ஒன்று ஸ்டட் ஓட்டையில், இன்னொன்று கால்வாய் ஓரத்தில் கால் வட்டம் அளவுக்கு. ஓட்டையில் வெடிக்கிறது பெரும்பாலும் நட்டு இளகின நிலையில் ஓட்டினதால் என்றார், இளகின வீல் ஸ்டட்டில் ஆடி ஆடி ஓட்டையைத் தின்றுவிடும். கால்வாயில் வெடிக்கிறது துருவும் அளவுக்கு மிஞ்சின பாரமும் சேர்ந்து செய்கிற வேலை.

மாமா கேட்டார், "வெல்டிங் வெச்சா நிக்காதா பாஸ்? இத்தன காலம் ஓடுனதுதானே."

"நிக்கும்ணே. எத்தன நாளைக்குன்னு எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. கேட்டுக்கு வெல்டிங் வெக்கிறேன், பொடிக்கு வெக்கிறேன். இதுக்கு வெக்க மாட்டேன்."

அவரிடம் வெல்டிங் மெஷின் இருக்கிறது, மூலையில் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தார். வைத்துக் கொடுத்திருந்தால் அன்றைக்கே அவருக்குக் காசு. வேண்டாம் என்றார். அதோடு விடாமல், "வெட்டிரவா?" என்று கேட்டார். வெடித்த ரிம்மை அப்படியே திருப்பிக் கொடுத்தால் பழைய இரும்புக் கடைக்குப் போய், அங்கிருந்து பெயின்ட் அடித்துக்கொண்டு வேறு ஒரு லொறிக்குப் போகுமாம். மாமா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். 19 வருஷம் ஓட்டின வீல். அப்புறம் சரி என்று தலையாட்டினார். கேஸ் கட்டரால் இரண்டையும் நாலு துண்டாக வெட்டிப் போட்டார் பாஸ்.

கண்டிக் கடையில் வாங்கின லொக் ரிங் இரண்டையும் காட்டினோம். ஒரு தட்டை இரும்புப் பலகையில் வைத்து ஓரத்தில் விரலால் அழுத்தினார், தாளம் போட்டது. முறுக்கிக்கொண்டிருக்கிறது. மேலும் அது வேறு கம்பனி ரிம்முக்குச் செய்த ரிங், நெளிவு வேறு. இந்த ரிம்களில் ஆளைக் கொல்கிறது இந்தக் கலப்புத்தான் என்று சொன்னபோது அவர் குரலே மாறிவிட்டது. லொறி டயரில் 85, 90 பி.எஸ்.ஐ. காத்து ஏற்றுகிறோம். அந்தக் காத்து பக்க வளையத்தைத் தள்ளுகிற தள்ளு பல தொன் கணக்கில் வரும். ரிங் ஒழுங்காக உட்காராமல் பிய்த்துக்கொண்டு வந்தால் எதிரே நிற்கிற ஆளுக்கு விலகக்கூட நேரம் கிடைக்காது. அமெரிக்காவில் இதற்கென்றே 1980-இல் சட்டம் போட்டு, கூண்டுக்குள் வைத்துத்தான் காத்து ஏற்றவேண்டும், வேறு வேறு வகை ரிங்கைக் கலக்கக்கூடாது என்று கட்டாயமாக்கினார்கள். இங்கே எத்தனை டயர் கடையில் கூண்டு பார்த்திருக்கிறீர்கள்? இந்தப் பட்டறையில் இருக்கிறது. இரண்டு அங்குலக் குழாயை வளைத்து அவரே செய்தது. உள்ளே வீலை உருட்டி விட்டு, நீள ஹோஸைக் கவ்வவிட்டு, கொம்ப்ரசர் பக்கம் தள்ளி நின்றுதான் காத்து ஏற்றுகிறார்கள். பையன்களில் ஒருவன் கூண்டுக்கு நேரே நடந்துபோனதற்கு அவர் போட்ட சத்தம் எனக்கே பயமாக இருந்தது. கழற்றும்போதும் அப்படித்தான், வால்வ் ஊசியைப் பிடுங்கி, காத்து முழுக்க இறங்கினதை ஒரு கம்பியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ரிங்கில் லீவர் வைக்கிறார்கள்.

இப்போது நான் ஆசைப்பட்ட 16 அங்குல விஷயம். நான் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை, டேப்பை எடுத்துக்கொண்டு லொறிக்கு வந்தார். 8.25–20 டயரின் முழு உயரம் ஏறக்குறைய 97 சென்றிமீற்றர். 7.50–16 போட்டால் 80 சொச்சம். அப்படியென்றால் அச்சு நிலத்துக்கு மூன்று அங்குலத்துக்கும் மேல் கிட்ட வந்துவிடும், பெக்டரி ஏற்றத்தில் நடுவில் புல் முளைத்துக் கல் துருத்திக்கொண்டிருக்கிற இடத்தில் டிஃபரன்ஷல் போய் இடிக்கும். மீற்றர் 60 காட்டும்போது லொறி உண்மையில் 50-இல்தான் போகும், அதே வேகத்துக்கு என்ஜின் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சுற்றவேண்டும். ஏற்றத்தில் இழுவை கூடும் என்பது உண்மைதான், அதையும் அவரே சொன்னார். ஆனால் இறக்கத்தைப் பாருங்கள் தம்பி என்று பிரேக் ட்ரம்மைக் காட்டினார். 20 அங்குல ரிம்முக்கும் ட்ரம்முக்கும் இடையே கை நுழைகிற இடைவெளி இருக்கிறது, அதில் காத்து ஓடுகிறது. சின்ன ரிம் முதலில் அந்த ட்ரம்மைத் தாண்டி உள்ளே போகுமா என்பதே சந்தேகம், போனாலும் ட்ரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும். கினிகத்தேனை வளைவுகளில் பாரத்தோடு இறங்கும்போது அந்தச் சூடு எங்கே போகும்? ரிம்முக்கும் டியூபுக்கும்தான். டயரில் எழுதியிருக்கிற பாரத்தையும் படிக்கச் சொன்னார். 7.50–16-இல் ஒரு டயருக்கு 1,500 கிலோ அளவில் போட்டிருப்பார்கள், 8.25–20-இல் அது 2,000-ஐத் தாண்டும். அவ்வளவு கேட்ட பிறகு எனக்கு வேறு பேச்சில்லை.

அவரே வேறொன்றும் சொன்னார். டியூப் இல்லாத 22.5 அங்குல ரிம் ஒரே துண்டாக வருகிறது, லொக் ரிங் கிடையாது, அதுதான் பாதுகாப்பு. 9R22.5 டயர் போட்டால் உயரம் நம்ம 8.25–20-க்கு ஏறக்குறைய சமம், மீற்றரும் மாறாது. பொருந்துகிற ரிம் கிடைத்தால் அதையே போடுங்கள் என்றார். இரண்டு கிழமை தேடினோம். கிடைத்ததெல்லாம் ஸ்டட் வட்டம் வேறு, நடு ஓட்டை வேறு. இடையில் அடாப்டர் தட்டு வைத்துப் பொருத்தலாம் என்று கொழும்பில் ஒருவர் சொன்னார். பாஸ் அதற்கும் மாட்டேன் என்றுவிட்டார், வீல் வெளியே தள்ளிப்போனால் பாரம் பேரிங்கில் தப்பான இடத்தில் விழும், பின்னால் பக்கத்துக்கு இரண்டாகப் போடுகிற இரட்டை வீலுக்கு நடுவில் இடைவெளியும் கெடும். சரி, 20 அங்குலமே என்று முடிவாகியது. போன இரண்டு ரிம்முக்குப் பதிலாக அதே வகையில் இரண்டு அவரிடமே இருந்தது, அதற்கும் எங்கள் கண்முன்னே மண்ணெண்ணெய், சோக்கு எல்லாம் பூசிக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார். லொக் ரிங் ஏழும் ரிம்மோடு சேர்ந்ததைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே நம்பரைக் குத்தி வைத்தார், நாளைக்கு எவர் கழற்றினாலும் மாறிப்போகக்கூடாது என்று.

பெயின்ட் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம், சொல்லிவிடுகிறேன். மணல் அடித்து, ப்ரைமர் போட்டு, ஒரே ஒரு கோட்தான் பெயின்ட் அடித்தார். நான் பளபளவென்று மூன்று கோட் கேட்டேன். ரிம் ஹப்பில் உட்காரும் முகத்திலும், இரட்டை வீல் ஒன்றோடொன்று ஒட்டும் முகத்திலும், நட்டு உட்காரும் குழியிலும் பெயின்ட் தடிப்பாக இருந்தால் ஓடும்போது அது நசுங்கும், நசுங்கினால் நட்டு இளகும் என்று, அந்த இடங்களில் அடித்ததையும் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டார். காரணம் சரிதான், ஆனால் வெளிப்பக்கமாவது இன்னும் ஒரு கோட் போட்டிருக்கலாம். ஒரு மழைக்காலம் தாண்டுமா என்று பார்க்கவேண்டும்.

மாமாவுக்கும் ஒரு ஏமாற்றம் இருந்தது. நம்ம ஊர் லொறிகளில் வீலுக்கு மேல் நிக்கல் கப் போடுவார்களே, கண்ணாடி மாதிரி மின்னும், அதை வாங்கிக் கையில் கொண்டுவந்திருந்தார். பாஸ் வேண்டாம் என்று தடுக்கவில்லை. நட்டு இளகினால் அதைச் சுற்றித் துருவின சிவப்புக் கோடு வழியும், காலையில் லொறியைச் சுற்றி வரும்போது டிரைவர் கண்ணில் அது படவேண்டும், கப் போட்டால் படாது, அவ்வளவு மட்டும் சொன்னார். மாமா கப்பைத் திரும்ப வேனில் வைத்துவிட்டார்.

டயர் முன்னுக்கு இரண்டும் புது நைலான். பின்னுக்கு நாலும் ரீபில்ட் (பழைய டயரில் புது ரப்பர் ஒட்டினது), ஸ்பெயாரும் அப்படித்தான், அதற்கு மேல் கையில் காசில்லை. ரீபில்ட் நாலையும் காத்து ஏற்றி ராத்திரி முழுக்க வைத்துவிட்டு, காலையில் டேப்பைச் சுற்றி ஒவ்வொன்றின் சுற்றளவும் எடுத்தார். இரட்டையில் ஒரு டயர் பெரிசு மற்றது சின்னது என்றால் பெரிசு மட்டும் பாரத்தைச் சுமந்து சூடேறும். உயரத்தில் கால் அங்குலம், சுற்றளவில் முக்கால் அங்குலம், அதற்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பது அவர் கணக்கு. நாங்கள் ஜோடி சேர்த்திருந்தது ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். மாற்றி ஜோடி போட்டதும் சரியாக வந்தது. டயர் கடையில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இரட்டை வீல் என்றதும் மாமா பழைய ஞாபகத்தில் கொஞ்ச நேரம் பேசினார். கிளீனராக இருந்தபோது அவர் வேலையே அந்த இரண்டு டயருக்கும் நடுவில் சிக்குகிற கல்லை அலவாங்கால் (கடப்பாரையால்) தட்டி எடுப்பதுதானாம், எடுக்காமல் விட்டால் ஒரு மைல் போகுமுன்னே டயரைத் தின்றுவிடும், இல்லையென்றால் தெறித்துப் பின்னால் வருகிற ஆளுக்குப் படும். ஒரு நாள் மழையில் பதினெட்டுத் தடவை இறங்கி ஏறினதாகச் சொன்னார். பாஸ் அதைக் கேட்டுக்கொண்டே டியூபை ரிம் உரசாமல் காக்கிற ரப்பர் பட்டையான ஃப்ளாப்பை டியூபுக்கு அடியில் சுருக்கமில்லாமல் தடவிக்கொண்டிருந்தார்.

மாட்டின அன்றுதான் கண்டியில் ஸ்டட் முறிந்த காரணம் தெரிந்தது. இடப் பக்கத்து ஸ்டட் முனையைத் துணியால் துடைத்து டார்ச் அடித்துக் காட்டினார், "எல்" என்று ஒரு எழுத்து குத்தியிருந்தது. அந்தப் பக்கம் இடது மரை. ஓடுகிற திசையில் நட்டு தானாக இளகாமல் இருக்க அந்தக் காலத்து இங்கிலீஷ் லொறிகளில் அப்படிச் செய்தார்கள். வழக்கமான திசையில் கழற்றப்போனால் இறுகும், இன்னும் பலம் போட்டால் முறியும். மாமாவுக்கு அது தெரிந்த விஷயம், ஆனால் கண்டியில் அந்த நேரம் அவர் ரோட்டைத் தாண்டி டீக்கடையில் இருந்தார். நான்தான் பக்கத்தில் நின்றேன், எனக்குத் தெரியாது. அதை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

தலவாக்கலை வரை வெறும் லொறியாக ஓட்டிப் போய் வரச் சொன்னார். டெவன் அருவியைத் தாண்டி, செயின்ட் கிளேர் வளைவுகளில் மாமா இரண்டாம் கியரில் மெதுவாக எடுத்தார். ஸ்டியரிங்கில் முன்பு இருந்த உதறல் இல்லை. எத்தனை வருஷமாக அந்த உதறலை ஸ்டியரிங் பொக்ஸ் தேய்மானம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம், அது வளைந்த ரிம்மின் வேலை. திரும்பி வந்ததும் நட்டு எல்லாவற்றையும் மறுபடி இறுக்கினார். சிலது கால் சுற்று போனது. இன்னும் 100 கிலோமீற்றருக்குள் திரும்பி வாங்கள், அதற்குக் காசு இல்லை என்றார். போனோம், அப்போது ஒன்றுகூட அசையவில்லை.

குறைகளையும் சொல்லவேண்டும். இரண்டு கிழமை என்றது ஏழு கிழமை ஆனது. போன் எடுக்கமாட்டார், நேரில் போனால்தான் பதில். மணல் அடிக்கிற வேலை அவரிடம் இல்லை, வெளியே கொடுத்து வாங்குகிறார், தாமதம் அங்கேதான். பில் எழுதித் தருவதில்லை, கொப்பியில் குறித்துக்கொள்கிறார், தோட்டத்துக்கோ கம்பனிக்கோ கணக்குக் காட்டவேண்டியவர்களுக்கு அது சிரமம். எங்களுக்கு ரிம் ஏழையும் பார்த்து, மணல் அடித்து, பெயின்ட் போட்டு, டயர் ஏற்றி மாட்ட 48,500 ரூபாய். மாற்று ரிம் இரண்டுக்கு 26,000 தனியாக. டயர், டியூப், ஃப்ளாப் நாங்கள் வாங்கினது, இதில் சேரவில்லை. இந்த வேலைக்கு இது நியாயமான விலை என்றே நினைக்கிறேன், இதைவிடக் குறைவாகக் கேட்ட கடை எங்களுக்கு என்ன செய்தது என்பதை மேலே எழுதிவிட்டேன்.

போகிறவர்கள் ரிம்மை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், லொக் ரிங், பக்க வளையம் எல்லாவற்றையும் எந்த ரிம்மில் எது இருந்ததோ அப்படியே கட்டிக் கொண்டுபோங்கள், கலந்துவிட்டால் அவருக்கு ஒரு நாள் வேலை கூடும். காத்தை வீட்டிலேயே இறக்கிவிட்டு ஏற்றுங்கள். மழை நாளில் சரிவு வழுக்கும், லொறியை மேலேயே நிறுத்துவது நல்லது. போயா (பௌர்ணமி) அன்று பூட்டு, ஞாயிறு பகல் வரை திறந்திருக்கும்.